சுண்ணாம்பும் சிமெண்டும்: மாறிவரும் கட்டுமானத் தொழிலில் தலைமை



வேளாண்மையையே வாழ்வாகக் கொண்டிருந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களிலிருந்து பொறியியல் பயின்று கட்டுமானத் தொழிலில் இறங்கியோர் இன்று உளர். சிலர் பெருநிறுவனங்களில் பொறியாளர். சிலர் பத்துக் கொத்தனார்களை வைத்து வீடு கட்டித்தரும் ஒப்பந்ததாரர். எவராயினும் அவர்கள் முன் நிற்கும் வினா ஒன்றே. தந்தை கற்ற முறையில் மகன் கட்ட முடியாத அளவுக்குத் தொழில் மாறி வருகிறது. இம்மாற்றத்தின் நடுவே ஒரு நிறுவனத்தை நடத்துபவர் எதை விடவேண்டும்? எதை விடாது பற்ற வேண்டும்? இதற்கு விடை காணத் தென்பாண்டி நாட்டில் ஒருநாள் பயணம் போதும்.

ஒரே வழியில் மூன்று காலங்கள்

கழுகுமலைக்குச் சென்று பாறைச் சிற்பங்களை வணங்கித் திரும்புவோர் சங்கரன்கோவில் வழியாக இராஜபாளையத்தையும் அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் அடையலாம். அவ்வழியில் கட்டடக் கலையின் மூன்று காலங்கள் வரிசையாக நிற்கின்றன.

கழுகுமலையிலுள்ள வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய கோயில் அது. அங்கே இணைப்பும் இல்லை, காரையும் இல்லை. உளி ஒருமுறை தவறினால் திருத்தவும் வழியில்லை. பின்வந்த தச்சர்கள் கல்லைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கும் முறைக்கு மாறினர். மலை இருக்கும் இடத்தில் மட்டுமே கோயில் என்ற எல்லை அதனால் நீங்கிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் இராஜகோபுரம் அடுத்த காலத்தைக் காட்டுகிறது. 11 நிலைகளும் 192 அடி உயரமும் உடைய அக்கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல்; மேற்பகுதி செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சுதையும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டு, நீற்றி, புளிக்கவிட்டு, மணலோடு செக்கிலிட்டு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பக்குவப்படுத்துவது அக்காலத்துக் கொத்தர்களின் முறை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டே சுண்ணாம்புக் காரை இறுகும். ஆகவே அதற்குப் பொறுமை வேண்டும். அவசரம் அங்கே செல்லாது.

மூன்றாவது காலம் சிமெண்டுக்குரியது. 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டு, நீர் பட்டவுடன் இறுகத் தொடங்குவது. இந்தியாவில் 1904-இல் சென்னையில் நடந்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் உற்பத்தி வேரூன்றிற்று. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஊர்தோறும் இருந்த சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கலையை அறிந்திருந்தும் காலத்தை அறியாதவர் தொழிலை இழந்தனர். இன்று பழங்கோயில் திருப்பணிக்குச் சுண்ணாம்புக் காரை அறிந்த கொத்தர் கிடைப்பதே அரிதாயிற்று. ஒரு தொழில் மாறும்போது அதனோடு எத்தனை கைகள் கைவிடப்படுகின்றன என்பதை நினைவூட்டும் செய்தி இது.

இராஜபாளையத்தின் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சஞ்சீவி மலையின் அடியில் இருக்கிறது இராஜபாளையம். அவ்வூரில் சிறு வணிகராகத் தொடங்கியவர் பி.ஏ.சி. இராமசாமி ராஜா. 1936-இல் அவர் இராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலையை நிறுவினார். பருத்தி விளையும் கரிசல் நிலத்தில் நூற்பாலை எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் அந்த நூலோடு நின்றுவிடவில்லை. விருதுநகர் வட்டாரத்து மண்ணின் கீழ்ச் சுண்ணாம்புக்கல் கிடந்தது. விடுதலை பெற்ற நாட்டில் அணைகளும் சாலைகளும் பள்ளிகளும் எழ வேண்டியிருந்தன. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்து 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தார். ஆலை எழுந்த இடம் பின்னர் அவர் பெயராலேயே இராமசாமி ராஜா நகர் என வழங்கலாயிற்று.

1962-இல் அவர் மறைந்தார். பொறுப்பு மகன் பி.ஆர். இராமசுப்பிரமணிய ராஜாவிடம் வந்தது. 1935-இல் பிறந்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நூற்பாலை நிலைபெற்றது, சிமெண்டு ஆலையோ அப்போதுதான் நடைபழகியது. தந்தை வைத்துவிட்டுச் சென்றதைக் காப்பாற்றினால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் ஊரில் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். 2017 மே 11-இல் அவர் மறையும்வரை ஏறத்தாழ 55 ஆண்டுகள் அக்குழுமத்தை நடத்தினார். அந்த அரை நூற்றாண்டில் சிமெண்டுத் தொழில் பலமுறை தலைகீழாக மாறியது.

அவர் பொறுப்பேற்ற காலத்தில் நாட்டின் பெரும்பாலான ஆலைகள் ஈரமுறையில் இயங்கின. கல்லை நீரோடு அரைத்துக் குழம்பாக்கிச் சூளைக்கு அனுப்பும் அம்முறையில், அந்நீரை ஆவியாக்குவதற்கே பெருமளவு நிலக்கரி வீணாயிற்று. பின்வந்த உலர்முறை அந்த விரயத்தைக் குறைத்தது. நிலக்கரி விலை ஏறியபோது ஈரமுறையை விடாதவர் தளர்ந்தனர்.

அடுத்தது சந்தையின் மாற்றம். 1982 வரை சிமெண்டின் விலையும் பங்கீடும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுவோர் அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்த நாள்கள் மூத்தோர்க்கு நினைவிருக்கும். அக்காலத்தில் ஆலை நடத்துவோர்க்கு வாங்குபவரைத் தேட வேண்டிய தேவையே இல்லை. 1982-இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989-இல் முற்றும் நீங்கியது. வரிசையில் நின்று வாங்கியவர் இனி விரும்பித் தேர்ந்து வாங்குபவர் ஆனார். அந்த இடைக்காலத்திலேயே, 1987-இல், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆந்திர மாநிலத்து ஜெயந்திபுரத்தில் இரண்டாவது ஆலையைத் தொடங்கிற்று. 1997-இல் அரியலூர்ப் பக்கம் ஆலத்தியூர் ஆலை எழுந்தது. மின்வெட்டும் மின்கட்டணமும் ஆலைகளை வருத்திய 1990களிலேயே காற்றாலை மின்சாரத்தில் அந்நிறுவனம் முதலிட்டது. அதே 1997-இல் கணினி மென்பொருளுக்கெனச் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் நிறுவப்பட்டது. 2013-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரும் தி ராம்கோ சிமெண்ட்ஸ் என மாறியது.

முறை மாறியது, சந்தை மாறியது, பெயரும் மாறியது. மாறாதது ஒன்றுண்டு: பதிவு அலுவலகத்தின் முகவரி. அது இன்றும் இராஜபாளையத்து இராமமந்திரமே. ஆலைகள் பல மாநிலங்களுக்குப் பரவியும் வேர் அசையவில்லை. பிறந்த ஊரிலேயே பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. தொழிலுக்கு வேண்டிய கைகளை ஊரே உருவாக்கும் ஏற்பாடு அது.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று. கோபுரத்துக் காரைக்கும் சிமெண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே, அதே சுண்ணாம்புக்கல்தான். காளவாய்க்காரர் கண்ட கல்லையே சிமெண்டுக்காரரும் கண்டார். ஒருவர் அதில் நேற்றைய பயனைக் கண்டார். மற்றவர் நாளைய தேவையைக் கண்டார்.

இன்று நிகழும் மாற்றங்கள்

எனினும் சிமெண்டின் காலமும் மாறாமல் நிற்கப் போவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது ஒவ்வொரு 100 கிலோ கால்சியம் கார்பனேட்டிலிருந்தும் 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேராது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலுக்குரியது. சுண்ணாம்புக் காரையோ சுடும்போது கல் வெளியிட்ட வாயுவில் பெரும்பகுதியை இறுகும்போது காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பழைய முறைக்கே அனைவரும் திரும்புதல் இயலாது; ஆனால் புதிய முறையின் குறை எதுவென்று பழைய முறை காட்டிக்கொடுக்கிறது.

இதற்கு விடையாகவே அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் கலந்த சிமெண்டுகள் வந்தன. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த புதுவகைச் சிமெண்டின் ஆய்வில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்களோடு தில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் பங்கு கொண்டன. 2023-இல் அதற்கு இந்தியத் தர அமைவனம் தரநிலை வகுத்தது. ஆற்று மணலின் இடத்தை எம்-சாண்டும், சூளைச் செங்கல்லின் இடத்தைச் சாம்பல் கற்களும் பிடித்து வருகின்றன. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடர் 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மலையையும் ஆற்றையும் கேட்பாரற்ற பண்டகசாலையாகக் கருதிய காலம் முடிந்தது. உயிர்களுக்கு ஊறு செய்யாமையை அறமெனக் கொண்டோர் இதைச் சட்டத்தின் தடையாக மட்டும் காண மாட்டார்கள்.

கட்டும் முறையும் மாறுகிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் எழுந்து 2022-இல் திறக்கப்பட்டன. சுவரும் தளமும் தொழிற்கூடத்தில் வார்க்கப்பட்டுக் களத்தில் பொருத்தப்படுகின்றன. 2021-இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 600 சதுர அடியில் ஒரு வீடு முப்பரிமாண அச்சு முறையில் கட்டப்பட்டது. சாரம் கட்டி, சென்ட்ரிங் அடித்து, தளம் போட்டு, 21 நாள் காத்திருந்த முறையோடு இவை போட்டியிடப் போகின்றன.

சட்டமும் மாறியுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு அத்திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரியவந்தால் கட்டியவரே கட்டணமின்றிச் சரிசெய்தல் வேண்டும். ஓர் இடத்தில் பெற்ற முன்பணத்தைக் கொண்டு மற்றோர் இடத்தில் மனை வாங்கும் பழக்கத்துக்கு இச்சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது.

இவை யாவற்றினும் பெரிய மாற்றம் மனிதர்களைப் பற்றியது. உள்ளூர்க் கொத்தனாரின் மகன் கரணையைத் தொட விரும்புவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞரின் கைகளே இன்று சுவர் எழுப்புகின்றன. அவர்களுக்கு ஊர் மொழி தெரியாது. உறவும் அருகில் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர். மழைக்கு ஒதுங்கத் தாம் கட்டிய கட்டடத்தை நம்பியவர்கள் அவர்கள். அருகிலிருந்த மற்றொரு கட்டடமும் பாதுகாப்பற்றதெனக் கருதப்பட்டு 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தலைமையின் தவறு கணக்கேட்டில் நட்டமாக மட்டும் வருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆயிரத்து நானூறு ஆண்டு நிறுவனம்

மாறுவது நன்று என்பதால் எல்லா மாற்றமும் நன்று என்று கொள்ளலாகாது. இதற்குக் கடல் கடந்த சான்று ஒன்றுண்டு.

ஜப்பானின் ஒசாகா நகரில் கொங்கோ குமி என்றொரு கட்டுமான நிறுவனம் இருந்தது. கி.பி. 578-இல் கொரிய நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தச்சர் வழியில் தோன்றியது அது. ஷிதென்னோஜி என்னும் பௌத்தக் கோயிலைக் கட்டியதும், நூற்றாண்டுகள்தோறும் பழுதுபார்த்ததும் அக்குடும்பமே. மூத்த மகன் என்பதற்காக மட்டும் அங்கே தலைமை தரப்படவில்லை. தகுதியுள்ள மருமகனைக் குடும்பப் பெயர் சூட்டித் தலைவராக்கும் வழக்கம் இருந்தது. 1930களில் நெருக்கடி சூழ்ந்தபோது ஒரு பெண்மணி தலைமை ஏற்று நிறுவனத்தைக் காத்தார். போர்க்காலத்தில் கோயிற்பணி நின்றபோது சவப்பெட்டி செய்து தொழிலாளரைக் காப்பாற்றினர். பின்னர், மர வேலைப்பாட்டின் அழகு கெடாமல் கான்கிரீட்டைப் பயன்படுத்தும் வழியைக் கண்டனர். கணினி வரைபடத்தையும் ஏற்றுக்கொண்டனர். இவ்வளவு மாற்றங்களும் அந்நிறுவனத்தை வாழவைத்தன.

அதை வீழ்த்தியது வேறு. 1980களில் ஜப்பானில் நில விலை வானளாவ ஏறியது. கோயில் கட்டியவர்கள் கடன் வாங்கி மனை வணிகத்தில் இறங்கினர். நில விலை சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. 2006-இல் அந்நிறுவனம் தன்னுரிமை இழந்து வேறொரு நிறுவனத்தின் கிளையாயிற்று. போரும் பஞ்சமும் அசைக்க முடியாத 1,400 ஆண்டு மரபை, அளவு மீறிய ஆசையால் வந்த கடன் சாய்த்தது. மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்கும் நோன்பாக வகுத்த சமூகத்துக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நோன்பு வழிபாட்டறைக்கு மட்டும் உரியதன்று. வங்கிக் கடன் படிவத்தில் கையெழுத்திடும் மேசைக்கும் உரியது.

தலைவர் செய்யத்தக்கவை

இச்சான்றுகளிலிருந்து கட்டுமான நிறுவனம் நடத்துவோர் கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, கட்டாயம் வருமுன்னே மாறுதல். சட்டம் வந்தபின் தனிக் கணக்குத் தொடங்குவது அச்சத்தால் செய்வது. அதற்கு முன்பே ஒரு திட்டத்தின் பணத்தை அதிலேயே செலவிடுவது ஒழுக்கத்தால் செய்வது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு வேலையிலாவது புதிய பொருளையோ புதிய முறையையோ சோதித்துப் பார்த்தல் நலம். சுற்றுச்சுவரிலோ வாகனக் கொட்டகையிலோ கற்றுக்கொள்ளும் தவறு மலிவானது. நான்கு மாடி வீட்டில் கற்றுக்கொண்டால் அதன் விலையை மற்றொரு குடும்பம் செலுத்த நேரும்.

இரண்டாவது, கையிலுள்ள பொருளையும் திறனையும் புதுக் கண்ணால் பார்த்தல். இராஜபாளையத்தார் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தது போல, சிறு ஒப்பந்ததாரரும் தம்மிடம் உள்ளதைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளைச் செப்பனிடும் அறிவு, கோயில் திருப்பணிக்குரிய காரைப் பக்குவம், ஊர் மண்ணின் தன்மை பற்றிய நினைவு ஆகியவை பெருநிறுவனங்களிடம் எளிதில் காணக் கிடைப்பன அல்ல. எல்லோரும் அடுக்குமாடி கட்ட வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, மாற்றத்தில் தொழிலாளரையும் உடனழைத்துச் செல்லுதல். எந்திரம் வாங்கும் நாளிலேயே அதை இயக்கக் கற்பிக்கும் ஏற்பாடும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர்க்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. தம்மிடம் வேலை செய்யும் கொத்தனாரும் சித்தாளும் அதில் பதிந்துள்ளனரா என்று கேட்டறியாத தலைவர், கணினி வரைபடம் வாங்கியும் பழைய காலத்திலேயே நிற்கிறார். தலைக்கவசமும், குடிநீரும், வெளியூர்த் தொழிலாளர்க்குக் காற்றோட்டமுள்ள தங்குமிடமும் செலவுக் கணக்கின் கடைசி வரியில் எழுதத்தக்கவை அல்ல.

நான்காவது, அடுத்த தலைமுறையைக் காலத்தே ஆயத்தம் செய்தல். 1962-இல் இராஜபாளையத்தில் நேர்ந்தது எந்தக் குடும்பத்திலும் நேரலாம். கணக்குகளும், ஒப்பந்தங்களும், வாக்களித்த தேதிகளும் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால் அவர் மறைவோடு நிறுவனமும் மறையும். மகனோ, மகளோ, மருமகனோ, நெடுநாள் உடனிருந்த பொறியாளரோ, தகுதியுடையவரிடம் பொறுப்பைப் பகுதி பகுதியாக ஒப்படைத்து, அவர் செய்யும் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, மாறலாகாதது ஒன்று. வீடு கட்டுபவர் பலர்க்கு அது வாழ்நாள் சேமிப்பு. அடித்தளத்துக்குள் எத்தனை கம்பி சென்றது, கான்கிரீட்டில் எவ்வளவு சிமெண்டு கலந்தது என்பதை அவர்கள் ஒருநாளும் காணப்போவதில்லை. காணாத இடத்திலும் சொன்னபடி செய்தல் என்பதே இத்தொழிலின் அறம். கழுகுமலைச் சிற்பி பாறையிலும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொத்தர் காரையிலும் அதைக் காத்தனர். அடுத்த முறை அவ்வழியே செல்லும் குடும்பங்கள் கோபுரத்தின் உச்சியைக் கண்டு வியப்பதோடு, அதன் அடியில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் அடித்தளத்தையும் ஒரு கணம் எண்ணுவார்களாக. கருவி மாறட்டும், பொருள் மாறட்டும், முறை மாறட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த அடித்தளம் மட்டும் மாறாதிருக்கட்டும்.

அனைவரும் நலம் பெறுக, அறம் வளர்க.